வந்தாரை ஏற்ற துறைகள்: அத்திரியாற்றிக் கரையின் நான்கு நகரங்கள்

கடற்கரை நகரமொன்றின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் அதன் மதில்களிலிருந்தே தொடங்குவர். மதிலின் நீளமும் கோபுரங்களின் எண்ணிக்கையும் அரண்மனையின் அழகும் கண்ணுக்குப் புலப்படுவன, எளிதில் விவரிக்கத்தக்கன. ஆயின் துறைமுகம் அடைத்து வைப்பதற்காக அமைந்ததன்று. திறந்து வைப்பதற்காக அமைந்தது. கடல் வழியாக வருபவர் யாவர், அவர் எங்கே தங்கலாம், எதனை விற்கலாம், நோயோடு வந்தால் அவரை என் செய்வது, அடைக்கலம் வேண்டி வந்தால் எவ்விடம் அளிப்பது என்னும் வினாக்கள் ஒவ்வொரு துறைமுக நகரத்தின் முன்னும் நாள்தோறும் எழுந்தன. இவ்வினாக்களுக்கு ஒரு நகரம் அளித்த விடைகளில் அதன் வரலாற்றின் பெரும்பகுதி அடங்கியுள்ளது எனக் கொள்வது தவறாகாது.

இக்கருத்தை அத்திரியாற்றிக் கடலோரத்திலுள்ள வெனிஸ், ஸ்பிளிற், டுப்ரோவ்னிக், கொற்றோர் ஆகிய நான்கு நகரங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நண்பர் நால்வருடன் வெனிசிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் சிறு கப்பலொன்றில் இந்நகரங்களுக்குச் சென்றுவரும் வாய்ப்புக் கிட்டியது. எம்முள் ஒருவர் பொருளியல் கற்பிப்பவர். ஒருவர் கட்டடக் கலைஞர். ஏனைய இருவரும் வரலாறு பயின்றோர். பகலிற் கண்டவற்றை இரவிற் கப்பலின் மேற்றளத்திலிருந்து விவாதித்தமை, தனித்துச் செல்வோருக்குக் கிட்டாத பயனை அளித்தது. ஒருவர் கல்லைக் கண்டவிடத்து மற்றவர் கணக்கைக் கண்டார். அவ்விவாதங்களின் பயனே ஈண்டுத் தொகுத்துத் தரப்படுகின்றது.

முதற்கண் இக்கடலின் இயல்பைக் கூறுதல் வேண்டும். அத்திரியாற்றிக்கின் மேற்குக் கரையாகிய இத்தாலியக் கரை பெரும்பாலும் தாழ்ந்தது, மணற்பாங்கானது, இயற்கைத் துறைகள் அரிதாக உள்ளது. கிழக்குக் கரையாகிய தல்மேசியாவோ மலைகள் கடலுள் இறங்கிய கரை. நீர் ஆழமானது, எண்ணற்ற தீவுகள் காற்றை மறிப்பன. எனவே வெனிசிலிருந்து கீழைத்தேயம் நோக்கிச் சென்ற கலங்கள் இத்தீவுகளுக்கு இடையே ஒதுங்கி ஒதுங்கிச் சென்றன. துடுப்பு வலிப்போரை மிகுதியாகக் கொண்ட மரக்கலங்கள் குடிநீருக்கும் உணவுக்கும் அடிக்கடி கரை சேர வேண்டியிருந்தமையால், இக்கரையில் அடுத்தடுத்துத் துறைகள் வளர்ந்தன. கடற்பாதை ஒன்றாயினும் ஒவ்வொரு துறையும் வந்தாரை ஏற்ற முறை வெவ்வேறாயிற்று.

வெனிஸ்: கணக்கிட்ட வரவேற்பு

வெனிசின் தொடக்கம் அகதிகளோடு தொடர்புடையது. 568ஆம் ஆண்டில் லொம்பாடியர் இத்தாலியுட் புகுந்த பின்னர், பெருநிலத்து மக்கள் பலர் கடற்கழியிலுள்ள சதுப்புத் தீவுகளிற் புகலடைந்தனர். அதற்கு முன்னரும் மீன்பிடித்தும் உப்பு விளைவித்தும் வாழ்ந்த சிறு குடிகள் அங்கிருந்தமை 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கசியோதோரசு என்பாரின் கடிதமொன்றால் தெரியவருகின்றது. உழுவதற்கு நிலமற்ற அம்மக்களுக்கு உப்பே நாணயமாயிற்று. சேற்றுள் மரக்கம்பங்களை நெருங்க அறைந்து, அவற்றின்மேற் கல்லடுக்கி, அவர்தம் வழித்தோன்றல்கள் நகரமொன்றை எழுப்பினர்.

நோர்மானியருக்கு எதிராக வெனிஸ் அளித்த கடற்படை உதவிக்குக் கைம்மாறாகப் பைசாந்தியப் பேரரசன் முதலாம் அலெக்சியசு, 1082ஆம் ஆண்டிற்குரியதாகப் பொதுவாகக் கொள்ளப்படும் சாசனமொன்றை வழங்கினான். பேரரசின் துறைகள் பலவற்றிற் சுங்கமின்றி வாணிகஞ் செய்யும் உரிமையும் கொன்சுதாந்திநோபிளில் தமக்கெனத் தனிப்பகுதியும் வெனிசியருக்கு இதனாற் கிடைத்தன. ஆகவே, பிறர் நகரில் விருந்தினராக உரிமை பெற்று வளர்ந்தோரே வெனிசியர். அவ்வுரிமையை அளித்தோருக்கு அவர்கள் பின்னர்ச் செய்தது வேறு. நான்காம் சிலுவைப்போரின் படையினர் கப்பற் கூலியைச் செலுத்த இயலாதவராயினமையால், 1202இல் அப்படையைக் கொண்டு வெனிஸ் ஸாரா நகரைத் தாக்குவித்தது. 1204இல் கொன்சுதாந்திநோபிளே சூறையாடப்பட்டது. புனித மார்க்கு தேவாலயத்திலுள்ள வெண்கலக் குதிரைகள் நான்கும் அவ்வழி வந்தவை. முகப்பில் இன்று நிற்பவை படிகள். மூலங்கள் உள்ளே பேணப்படுகின்றன. எம்முடன் வந்த கட்டடக் கலைஞர் அவற்றின் அழகிலே தோய்ந்திருக்க, பொருளியலாளர் நண்பர் அவை கடனுக்கு ஈடாக வந்த பொருள்கள் என்றார். இரண்டு கூற்றும் பொருந்துவனவே.

தம் நகருக்கு வந்த பிறரை வெனிசியர் எவ்வாறு ஏற்றனர் என்பதை விளக்கும் நிறுவனம் ‘ஃபொந்தாக்கோ’ எனப்படும் வணிகர் விடுதியாகும். இச்சொல்லின் வரலாறே ஒரு கடல்வாணிக வரலாறு. யாவரையும் ஏற்பது என்னும் பொருளுடைய ‘பந்தொக்கெயியோன்’ என்ற கிரேக்கச் சொல் அரபு மொழியில் ‘ஃபுந்துக்’ என வழங்கி, இத்தாலிய வணிகர் வாயில் ‘ஃபொந்தாக்கோ’ ஆயிற்று. அலெக்சாந்திரியா முதலிய துறைகளில் இத்தகைய விடுதிகளில் தாம் தங்கிய வெனிசியர், அதே முறையைத் தம் நகரிலும் கைக்கொண்டனர். ரியால்ற்றோப் பாலத்தின் அருகே 13ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட ஜேர்மானியர் விடுதியில், ஆல்ப்ஸ் மலை கடந்து வெள்ளியும் செம்பும் கொணர்ந்த வணிகர் தங்கியாக வேண்டும். பொருளையும் அங்கேயே வைத்தல் வேண்டும். அரசு நியமித்த தரகர் முன்னிலையிலேயே விற்றல் வேண்டும். மலையாளக் கரையின் மிளகும் இலங்கையின் கறுவாவும் செங்கடலும் அலெக்சாந்திரியாவும் வழியாக வந்து, அவ்வெள்ளிக்கு மாற்றாக வடக்கே சென்றன. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தமையால் வெனிசின் வாணிகம் உடனே அழிந்தது எனக் கூறுவது பாடநூல் மரபு. உண்மையில் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிளகு வாணிகம் பழைய வழியிற் பெரிதும் மீண்டது. அதன் இறுதி வீழ்ச்சி 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கையால் நேர்ந்தது.

ஜேர்மானியரை ஏற்றதுபோலவே 1621இல் துருக்க வணிகருக்கும் விடுதியொன்று ஒதுக்கப்பட்டது. லெப்பாந்தோக் கடற்போர் நிகழ்ந்து ஐம்பதாண்டுகளே கழிந்திருந்தன. பகைவரையும் விருந்தினராக ஏற்ற நிலை வியத்தற்குரியது. எனினும் விடுதியின் கதவுகள் இரவிற் பூட்டப்பட்டன என்பதையும் மறத்தலாகாது. 1516இல் யூதர் தனிப்பகுதியில் ஒதுக்கப்பட்டபோது அதன் வாயில்களும் இரவிற் பூட்டப்பட்டன. காவலர் கூலி யூதர்மீதே சுமத்தப்பட்டது. வெனிஸ் வந்தாரை ஏற்றது. ஆயின் அவரைப் பிரித்து, எண்ணி, வரியிட்டு ஏற்றது.

ஸ்பிளிற்: அரண்மனையுட் புகுந்த அகதிகள்

உரோமப் பேரரசன் தயோக்கிளீசியன் தல்மேசியாவிற் பிறந்தவன். 305ஆம் ஆண்டில் தானே முடிதுறந்து, தன் நாட்டின் தலைநகராகிய சலோனாவுக்கு அணித்தே கடலோரத்தில் எழுப்பிய மாளிகையில் இறுதிக்காலத்தைக் கழித்தான். பக்கமொன்று ஏறத்தாழ 215 மீற்றரும் மற்றையது 180 மீற்றரும் அளவினதான அம்மாளிகை, பாதி அரண்மனையாகவும் பாதி படைமுகாமாகவும் அமைந்தது. எகிப்திலிருந்து கொணரப்பட்ட சிங்க உடல் மனிதத்தலைச் சிற்பங்களும் அதன்கண் இருந்தன.

7ஆம் நூற்றாண்டில் அவாரியரும் சிலாவியரும் சலோனாவை அழித்தபோது, முதலில் தீவுகளுக்கு ஓடிய மக்களுட் பலர் பின்னர் இம்மாளிகையின் உறுதியான மதில்களுட் புகலடைந்தனர். அரசமண்டபங்கள் வீடுகளாயின, நடைவழிகள் தெருக்களாயின. நகரம் என ஒன்று திட்டமிட்டு அமைக்கப்படவில்லை. அகதிகள் தம் தேவைக்கேற்பச் சுவரெழுப்பி வாழ்ந்தமையால் ஸ்பிளிற் நகரம் உருவாயிற்று. தயோக்கிளீசியனின் கல்லறை மண்டபம் தேவாலயமாக மாறி, அவனது ஆட்சியில் 304ஆம் ஆண்டளவிற் கொல்லப்பட்ட சலோனா ஆயர் தொம்னியசின் பெயரைப் பெற்றது. கிறித்தவரை ஒறுத்த பேரரசனின் உடல் எங்குற்றது என அறியப்படாதிருக்க, அவனால் மாண்டவரின் பெயர் அவன் கல்லறை மீது நிலைபெற்றது.

மாளிகை காலத்தால் அழியாது எஞ்சியமைக்குக் காரணம் அது வெறுமையாகக் காக்கப்படாமையே என்பது கட்டடக் கலைஞர் நண்பரின் கருத்து. சலோனாவிற் குடியிருப்பு ஒழிந்தது. அதன் கற்கள் பிற கட்டடங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. இன்று அது அகழ்விடமாக உள்ளது. மாளிகையிலோ மக்கள் குடியிருந்தனர். தாம் குடியிருந்த சுவரைத் தாமே பேணினர். 1757இல் றொபேட் அடம் என்ற கட்டடக் கலைஞர் இங்கு வந்து அளவெடுத்து 1764இல் வெளியிட்ட வரைபடங்கள் ஐரோப்பியக் கட்டடக் கலையிற் செல்வாக்குப் பெற்றன. அவர் வரைந்த மாளிகையிற் குடித்தனங்கள் நிறைந்திருந்தன.

1420 முதல் வெனிசின் ஆட்சியிலிருந்த இத்துறை, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுவாழ்வு பெற்றது. தானியேல் றொட்றிக்கா என்ற யூத வணிகர், துருக்கப் பேரரசின் சாத்துக்கள் தரைவழியாக இங்கு வந்து சேரவும், அங்கிருந்து பொருள்கள் வெனிசுக்குக் கப்பலேறவும் ஏற்ற துறையொன்றை அமைக்க வேண்டுமென வெனிசிய அரசைப் பல்லாண்டுகள் வற்புறுத்தினார். 1592இல் அத்துறை இயங்கத் தொடங்கிற்று. வெனிசில் இரவிற் பூட்டப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே வெனிசுக்கு இவ்வாணிக வழியைத் திறந்துவிட்டார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

டுப்ரோவ்னிக்: திறையும் சட்டமும்

ரகூசா எனப் பழைய நூல்களில் வழங்கும் டுப்ரோவ்னிக்கும், எப்பிதோரம் என்ற பழைய நகர் அழிந்தபோது வெளியேறியோர் வந்தடைந்த இடம் என்பது மரபு. 1205 முதல் 1358 வரை வெனிசின் மேலாட்சிக்கு உட்பட்டிருந்து, பின்னர் ஹங்கேரிய மன்னனின் பெயரளவிலான தலைமையை ஏற்று, ஒரு குடியரசாக அது வளர்ந்தது. அதன் மதில்களின் சுற்று 1,940 மீற்றர். அவற்றின்மேல் நடந்துவந்தபோது, இத்துணைச் சிறு நகரம் வெனிசுக்கும் துருக்கப் பேரரசுக்கும் இடையே நூற்றாண்டுகள் பல எங்ஙனம் தனித்து நின்றது என்ற வினா எம்மிடையே எழுந்தது. மதிலால் என்பது போதிய விடையன்று. 1453இல் கொன்சுதாந்திநோபிளின் மதில்களையே தகர்த்தோருக்கு இம்மதில்கள் பெருந்தடையாக இருந்திருக்கமாட்டா.

உண்மை விடை வேறு. 1458 முதல் ரகூசா துருக்கச் சுல்தானுக்குத் திறை செலுத்தியது; காலப்போக்கில் அது ஆண்டொன்றுக்கு 12,500 டுக்காட் பொற்காசுகள் என நிலைபெற்றது. கைம்மாறாக, பேரரசு முழுவதும் குறைந்த சுங்கத்துடன் வாணிகஞ் செய்யும் உரிமை கிடைத்தது. அதே காலத்திற் கத்தோலிக்க ஐரோப்பாவுடனும் அது உறவு பேணியது. மானமிழந்த வாழ்வு எனப் பிறர் பழித்தனர். பொருளியலாளர் நண்பரோ, படையொன்றை ஆண்டுதோறும் பேணுவதிலும் இது மலிவு என்றார். குடியரசின் தலைவராகிய றெக்டரின் பதவிக்காலம் ஒரு மாதம் மட்டுமே. அம்மாதத்தில் அவர் அரசுப் பணிக்கன்றி மாளிகையை விட்டு வெளியேறலாகாது. சொந்த நலத்தை மறந்து பொதுநலத்தைக் கருதுக என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் பேரவை மண்டப வாயிலிற் பொறிக்கப்பட்டிருந்தது. அதிகாரம் உயர்குடியினர் சிலரிடமே இருந்ததாயினும், அவர்களுள் எவரும் தனியாட்சி செய்ய இயலாதவாறு முறை வகுக்கப்பட்டிருந்தது.

வந்தாரைப் பற்றிய சட்டங்களில் ரகூசா முன்னோடியாக விளங்கியது. ஐரோப்பாவின் பெருங்கொள்ளை நோய்க்குப் பின்னர், 1377இல் அதன் பேரவை இயற்றிய சட்டத்தின்படி, நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் மேர்க்கான் தீவிலோ சவ்தாத்திலோ ஒரு மாதம் தங்கிய பின்னரே நகருட் புகலாம். தனிமைப்படுத்தலைச் சட்டமாக்கியமைக்கு அறியப்பட்ட மிகப் பழைய சான்றுகளுள் இது தலையாயது. முப்பது நாள் பின்னர் நாற்பதாகிய இடங்களில், நாற்பது என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து ‘குவாரன்டைன்’ என்ற சொல் பிறந்தது. 2020இல் உலகின் துறைமுகங்கள் பல கப்பல்களைத் தடுத்து நிறுத்தியபோது கையாளப்பட்டது இப்பழைய முறையே. நோயை அஞ்சித் துறையை அடியோடு மூடாமலும், வாணிகத்தை விரும்பி நோயை உள்ளே விடாமலும் நடுவழி கண்டமையே இச்சட்டத்தின் சிறப்பு.

1416இல் இந்நகரம் தன் குடிகள் அடிமை வாணிகத்தில் ஈடுபடுவதைத் தடைசெய்தது. வீட்டுப் பணியாளரின் கட்டுண்ட நிலை இதனால் முற்றாக ஒழிந்தது எனக் கூறுவது மிகையாகும். எனினும் மனிதரை விற்பதற்குத் தன் துறை உதவலாகாது என ஒரு வணிக நகரமே தீர்மானித்தது சிறிய செயலன்று.

1667 ஏப்பிரல் 6ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் றெக்டர் உட்பட ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நகரம் பெரும்பாலும் இடிந்தது. ஆயினும் குடியரசு மீண்டெழுந்தது. 1699இல் காள்ளோவிற்ஸ் உடன்படிக்கையின்போது, தனக்கும் வெனிசின் ஆட்சிப்பகுதிக்கும் இடையே நேரெல்லை இருத்தலாகாது எனக் கருதி, இருபுறத்தும் சிறு நிலத்துண்டுகளைத் துருக்கருக்கு விட்டுக்கொடுத்தது. அவற்றுள் ஒன்றாகிய நேயும் இன்று பொஸ்னியா ஹெர்சகோவினாவின் கடற்கரையாக உள்ளது. அதனால் டுப்ரோவ்னிக் குரோசியாவின் ஏனைய பகுதியிலிருந்து நிலவழியாற் பிரிந்துள்ளது. 2022இல் திறக்கப்பட்ட பெலியேசாக் பாலம் இத்துண்டைச் சுற்றிச் செல்வதற்காகவே கட்டப்பட்டது. முந்நூறாண்டுக்கு முந்திய அச்சத்தின் விலையை இன்றைய பொறியியல் செலுத்தியுள்ளது எனலாம். 1808இல் நெப்போலியனின் படைத்தலைவர் மார்மொன் குடியரசை ஒழித்தார். வெனிசியக் குடியரசு அதற்கு முன்னரே 1797இல் நெப்போலியனால் முடிவுற்றிருந்தது.

கொற்றோர்: இரு பீடங்கள்

டுப்ரோவ்னிக்கிற்குத் தெற்கே, மலைகளிடையே கடல் வளைந்து உட்புகும் குடாவின் அந்தத்தில் கொற்றோர் உள்ளது. 1420 முதல் 1797 வரை அது வெனிசின் ஆட்சியிலிருந்தது. அங்கு 1195இல் எழுந்த புனித லூக்கா ஆலயம் சிறியது; விரைந்து செல்வோர் காணாது போகத்தக்கது. 17ஆம் நூற்றாண்டில் துருக்கருடன் நிகழ்ந்த போரினால் மரபுவழிக் கிறித்தவர் பலர் இங்கு அடைக்கலம் புகுந்தபோது, கத்தோலிக்கருக்குரிய இவ்வாலயத்தில் அவர்களுக்கும் வழிபாட்டுரிமை அளிக்கப்பட்டது. 1657 முதல் 1812 வரை ஒரே கூரையின்கீழ் இரு பீடங்களில் இரு மரபினரும் வழிபட்டனர். பீடங்கள் இரண்டும் இன்றும் உள்ளன. அச்சிறு கட்டடத்துள் எம் நண்பர் எவரும் நெடுநேரம் பேசவில்லை.

வந்தாரும் குடிகளும்

இந்நகரங்கள் நான்கும் 1979இலும் 1987இலும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. கொற்றோர் 1979 ஏப்பிரலில் நிகழ்ந்த நிலநடுக்கத்தாற் சிதைந்தும், டுப்ரோவ்னிக் 1991 டிசெம்பரில் எறிகணை வீச்சுக்குள்ளாகியும் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டன. போரையும் நிலநடுக்கத்தையும் வென்ற நகரங்களுக்கு இன்று வந்துள்ள நெருக்கடி வேறுவகையானது. அதற்குக் காரணமானோர் எம்மைப் போன்ற பயணிகளே.

வெனிசின் தீவு நகரில் 1951இல் ஏறத்தாழ 175,000 மக்கள் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கிற்று. டுப்ரோவ்னிக்கின் மதிலகத்தில் 1991இல் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்தனர். 2010களின் பிற்பகுதியில் அவருள் மூன்றிலொரு பங்கினரும் எஞ்சவில்லை. வீடுகள் தங்குமிடங்களாயின, அன்றாடப் பண்டம் விற்ற கடைகள் நினைவுப்பொருள் விற்பனவாயின, வாடகை உயர்ந்தது, இளங்குடும்பங்கள் வெளியேறின. வெனிசின் ஜேர்மானியர் விடுதி 2016இல் ஆடம்பரப் பண்டசாலையாகத் திறக்கப்பட்டது. பண்டைய வணிகர் மாதக்கணக்கிற் தங்கினர், வாங்கினர், விற்றனர். பெருங்கப்பலில் ஆயிரக்கணக்காக ஒருங்கே வந்திறங்குவோரோ சில மணிநேரமே நிற்பர். கப்பலிலேயே உண்டு உறங்குவர்.

நகரங்கள் மீண்டும் சட்டத்தை நாடியுள்ளன. 2019இல் டுப்ரோவ்னிக், ஒரே வேளையில் இரு பெருங்கப்பல்களும் அவற்றின் மூலம் 4,000 பயணிகளும் என வரம்பு வகுத்தது. 2021 ஓகஸ்ட் முதல் 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் புனித மார்க்கு முன்றிலைக் கடந்து செல்வது தடுக்கப்பட்டது. 2024இல் வெனிஸ் குறித்த சில நாட்களில் பகற்பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக்கட்டணம் அறவிடத் தொடங்கிற்று. இவற்றைப் பயணிகளுக்கு எதிரான செயல்களெனக் கருதுவோர் உளர். 1377ஆம் ஆண்டுச் சட்டத்தை அறிந்தோர் அவ்வாறு கருதார். ஏற்பதற்கு வரம்பு வகுப்பது, தொடர்ந்து ஏற்பதற்கான வழியே ஆகும். இவ்வரம்புகள் போதுமானவையா என்பதில் எம் நண்பரிடையே உடன்பாடு ஏற்படவில்லை. பயணிகளின் தொகையைக் குறைப்பதால் மட்டும் போன குடிகள் மீளார், வீடுகளின் வாடகையையும் ஒழுங்குசெய்தல் வேண்டும் என்ற பொருளியலாளரின் வாதமே வலிமையானதாகத் தோன்றுகின்றது. ஸ்பிளிற்றின் மாளிகை கூறும் பாடமும் இதுவே: குடிகள் அகன்ற சலோனா கற்குவியலாயிற்று, குடிகள் புகுந்த மாளிகை நகரமாயிற்று.

இவ்வாராய்ச்சி எமது கரைக்கும் பொருந்துவது. நயினாதீவிலுள்ள தமிழ்ச் சாசனமொன்றில், 12ஆம் நூற்றாண்டில் ஆட்சிபுரிந்த முதலாம் பராக்கிரமபாகு ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும் என ஆணையிட்டுள்ளான். யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும், வாணிகப் பண்டம் கொணரும் கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன என்பது அதன் விதி. உடைந்த கலத்தின் பொருள் கரையாளும் அரசனுக்கே உரியது என்னும் வழக்கம் பல நாடுகளில் நிலவிய காலத்தில் எழுந்த விதி இது. ரகூசாவின் கடற்சட்டங்கள் அடங்கிய 1272ஆம் ஆண்டு நியாயத்தொகுப்புக்கு இது முந்தியது. ஊராத்துறை, மாந்தை, காலி முதலிய எம் துறைகளைக் கற்போர், அங்கு வந்த பண்டங்களையும் அகழ்ந்தெடுத்த ஓடுகளையும் பட்டியலிடுவதோடு அமையாது, வந்தோர் எவ்விதிகளின்கீழ் ஏற்கப்பட்டனர், அவ்விதிகளால் துறையின் குடிகள் பெற்ற நன்மை யாது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அத்தகைய ஆய்வுக்கு நயினாதீவுச் சாசனம் நல்லதொரு தொடக்கமாக அமையும்.